என் மகன் வாசித்த முதல் வரி



யுத்தம் நம் பிள்ளைகளிடமிருந்து எதையெல்லாம் பறித்தது என்று கேட்டால் வீடு, உறவு, படிப்பு என்று சொல்லுவோம். என் மகனிடமிருந்து அது பேச்சையும் பறித்திருந்தது. அந்தப் பேச்சும் அதனோடு வாசிப்பும் எப்படி வந்து சேர்ந்தன என்பதை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் பெற்றோர் கொட்டகலைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், மலையகத்தவர் பலரைப் போல வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். நான் கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தேன். 2009 மே மாதம் எல்லாம் முடிந்தபோது என் கணவர் என்னுடன் இல்லை. அடுத்த ஆண்டு முகாமிலிருந்து வெளியே வந்ததும், மகனைக் கூட்டிக்கொண்டு கொட்டகலையில் சின்னம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தேன்.

2011 ஜனவரியில் அவனைத் தரம் 1 இல் சேர்த்தேன். வகுப்பில் அவன் வாயே திறப்பதில்லை. எங்காவது பட்டாசு வெடித்தால் மேசைக்குக் கீழே போய்விடுவான். நானோ அவசரப்பட்டேன். மாலையில் வாசலில் இருத்தி 'அ' எழுது, 'ஆ' எழுது என்று நச்சரித்தேன். எழுதாதபோது அடித்தும்விட்டேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அவனுடைய ஆசிரியை, பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்த இளம்பெண். சிறு வகுப்புகளுக்குச் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடம் உண்டு. அதற்காக அவர் ஜூன் மாத மழை சற்று ஓய்ந்த நேரத்தில் பிள்ளைகளை மரக்கறிப் பாத்திப் பக்கம் கூட்டிப்போய் நத்தைகளைச் சேர்த்தார். வாய் அகன்ற போத்தலில் ஈர மண்ணும் கோவா இலையும் போட்டு, துளையிட்ட மூடியால் மூடினார். ஒரு நத்தையைக் கண்ணாடித் துண்டின் மேல் ஊரவிட்டுக் கீழிருந்து பார்க்கச் சொன்னார். அதன் பாதம் அலை அலையாக அசைவது தெரிந்ததாம். தலையிலுள்ள நீண்ட இரண்டு கொம்புகளின் நுனியில்தான் அதற்குக் கண்கள் என்றும் காட்டினார்.

போத்தலைப் பிள்ளைகள் முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எங்கள் முறை வந்த அன்று, கொழுந்து பறித்துவிட்டு வந்த சின்னம்மா விரலால் நத்தையைத் தொட்டார். அது சட்டென்று ஓட்டுக்குள் ஒடுங்கியது.

"அது பங்கருக்குள்ள போயிட்டுது" என்றான் மகன்.

சின்னம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. நாங்கள் பேசாமல் இருந்தோம். சிறிது நேரத்தில் கொம்புகள் மெல்ல நீண்டன. "இப்ப வெளியில வருது" என்று அவனே சொன்னான்.

மறுநாள் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "அக்கா, அவன் சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க. ஒண்ணும் திருத்தாதீங்க" என்றார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த இரண்டு வரிகளையும் பெரிதாக எழுதினேன். அவன் பக்கத்தில் நத்தை வரைந்தான். விரல் வைத்து இருவரும் வாசித்தோம். மூன்றாம் நாள் அவன் தனியே வாசித்தான்.

ட, ப, ம போன்ற இலகுவான எழுத்துகளில் தொடங்குவதுதான் வழக்கம். அப்படிப் பார்த்தால் 'பங்கர்', 'நத்தை' என்பன கடினமான சொற்கள். ஆனால் அவை அவன் கண்டவை, தொட்டவை, தன் வாயால் சொன்னவை. அதனால் அவனுக்குப் பாரமாக இருக்கவில்லை. பிறகு சின்னம்மாவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் மலையில் காலில் ஏறும் அட்டையையும், தேயிலை இலைகளை ஒட்டி மடித்து உள்ளே குடியிருக்கும் புழுவையும், மழைக்கு வெளிவரும் மண்புழுவையும் அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் சொல்ல, அவன் திருப்பிச் சொல்ல, நான் எழுதினேன். தாள்களை ஊசி நூலால் தைத்தபோது ஒரு புத்தகமாயிற்று. அந்த வருடக் கடைசியில் அவன் பாடநூலையும் வாசித்தான்.

ஆசிரியை பின்பு எனக்கு ஒரு கதை சொன்னார். இத்தாலி நாட்டு வைத்தியர் மரியா மொன்டிசோரி 1939 இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க இந்தியா வந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் தங்கி, அங்கிருந்த பிள்ளைகளோடு செடிகளையும் சிறு உயிர்களையும் பார்த்துப் படிக்கும் முறையை வளர்த்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி அளித்தார். போரால் வீடு போகமுடியாத ஒரு பெண்ணின் வேலை அது என்று கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சகோதரிகளே, இதற்குக் காசு வேண்டியதில்லை. ஒரு போத்தல், ஒரு பென்சில், பழைய தாள் போதும். நத்தையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள், அதில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். இரண்டொரு நாளில் அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பிள்ளை சொல்வதை அதன் சொல்லிலேயே எழுதுங்கள். உங்களுக்கு எழுதத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை பேசாவிட்டால் அடிக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

என் மகனுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். பட்டாசுச் சத்தம் கேட்டால் இன்னும் முகம் மாறும். அந்தக் கலண்டர் புத்தகம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.