அம்மா கேட்கும் ‘எவ்ளோ?’

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். இரண்டு வருஷமாக, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். ‘ரயில்ல போகலாமே’ என்று கேட்காதவர்கள் இல்லை. போகலாம்தான். ஆனால், சனிக்கிழமை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக, வங்கிக்கு, மருந்துக்கடைக்கு என்று அலைய, அங்கே ஒரு கார் வேண்டும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கையளவு வார்த்தைகள்தான் மிச்சம்.

ஆரம்பத்தில் நான் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டியதும் ஸ்பீடாமீட்டர் முள் 110-ல் நிற்கும். ஐந்து நிமிஷம் முன்னால் போனால் அம்மா முகத்தை ஐந்து நிமிஷம் கூடுதலாகப் பார்க்கலாம் என்று ஒரு கணக்கு. நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று மத்திய அரசின் 2018 அறிவிக்கை சொல்கிறது. நான் அதைத் தாண்டிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

ஒரு முறை அம்மாவை சென்னையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்ப அழைத்துப் போனேன். பின் சீட்டில் அம்மா தூக்கம். முன்னால், என் பக்கத்தில் அப்பா. அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். கண்ணில் பிரஷர் வந்து பார்வை குறைந்ததால் இப்போது வண்டியைத் தொடுவதில்லை. ஸ்பீடாமீட்டர் முள்ளும் அவருக்குத் தெரியாது. திண்டிவனம் தாண்டியதும் கேட்டார்.

“ஏம்மா, நூத்திப் பத்துல போறியா?”

“எப்படிப்பா தெரியும்?”

“காத்து கத்துற சத்தம் கேக்குதே. நீ ரோட்டுல வண்டி ஓட்டல பாப்பா. காத்தைத் தள்ளிக்கிட்டு இருக்கே. அதுக்குத்தான் காசு குடுக்குற.”

அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. வீடு வந்து சேர்ந்து, அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்தபோது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெளிவாக ஒரு வார்த்தை கேட்டாள்: “எவ்ளோ?”

எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்கிறாள் என நினைத்து, “ஆறு மணி நேரம்மா” என்றேன். தலையை ஆட்டி இல்லை என்றாள். டாக்டர் ஃபீஸா? இல்லை. மறுபடியும், “எவ்ளோ?”

வாசற்படியில் நின்ற அப்பாதான் கண்டுபிடித்தார். “கே.எம்.பி.எல் கேக்குறாடா உங்கம்மா.”

ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அந்த கே.எம்.பி.எல். பஸ் டிரைவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு அது ரேங்க் கார்டு மாதிரி. எந்த டிரைவர் எவ்வளவு எடுத்தார் என்று டெப்போவில் பார்ப்பார்கள். அப்பா டூட்டி முடிந்து வந்ததும் அம்மா தண்ணீர்ச் சொம்போடு கேட்கும் முதல் கேள்வி “எவ்ளோ?” ஐந்தைத் தாண்டியிருந்தால் அப்பா சிரிப்பார். அம்மா உடம்பில் பாதியும், பேச்சில் முக்காலும் போன பிறகும் அந்தக் கேள்வி மட்டும் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

என்னிடம் பதில் இல்லை. பெட்ரோல் போட்டேன், ஓட்டினேன். கணக்கு பார்த்ததே இல்லை.

அடுத்த முறையிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். வழி சுலபம். செங்கல்பட்டு தாண்டி ஒரு பங்க்கில், பைப் தானாக ‘டக்’ என்று நிற்கும் வரை பெட்ரோல். அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வேன். சமயபுரத்துக்கு முன்னால் இன்னொரு பங்க்கில் அதே மாதிரி ‘டக்’. ஓடிய தூரத்தை, போட்ட லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். நடுவில் ஏறக்குறைய 255 கிலோமீட்டர். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வேகம். முடிந்தவரை அதே வேகத்தில் போவது. டயரில் எப்போதும் ஒரே காற்று, அதே ஏசி.

என்னுடையது பத்து வயசான சின்ன பெட்ரோல் கார். முன்பு ஓட்டிய 110-க்குப் பழைய பில்களைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன்: லிட்டருக்கு 16. அதற்குப் பிறகு 100-ல் 18. 90-ல் 20. 80-ல் 22. 70-ல் 23. இன்னும் குறைத்தால் இன்னும் ஏறும் என்று 60-ல் போய்ப் பார்த்தேன். லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, பிரேக், ஆக்ஸிலரேட்டர், கியர் என்று மாற்றி மாற்றி 22-க்கே திரும்பியது.

உங்கள் காருக்கு எண்கள் வேறாக இருக்கும். ஆனால், ஏறி இறங்கும் விதம் ஒன்றுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறாது. வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால், காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அப்பா சொன்னது அப்பட்டமான இயற்பியல்.

அப்படியானால் 30-ல் போனால் இன்னும் மிச்சமா? அதுவும் இல்லை. இன்ஜின் ஓடுவதற்கே, ஏசிக்கே மணிக்கு இவ்வளவு என்று ஒரு செலவு இருக்கிறது. மெதுவாகப் போனால் அந்தச் செலவைக் குறைந்த கிலோமீட்டர்கள் தலையில் கட்டுகிறோம். கீழ் கியரில் இன்ஜினும் வீணாகச் சுற்றும். ஆக, கடைசி கியரில் இன்ஜின் திணறாமல் இழுக்கும் வேகம்தான் லாபமான வேகம். பல கார்களுக்கு அது 60-க்கும் 80-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தைப் பரிந்துரைத்து வந்திருக்கிறது. லாரியும் பஸ்ஸும் விரட்டும் நெடுஞ்சாலையில் அது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. நான் 80-ல் நின்றுவிட்டேன்.

இதற்காகச் சட்டமே போட்ட நாடும் உண்டு. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எரிபொருளை மிச்சப்படுத்த அமெரிக்கா 1974-ல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் உச்சவரம்பு கொண்டுவந்தது. நம் கணக்கில் 88 கிலோமீட்டர். அதை முழுசாக விலக்கிக்கொண்டது 1995-ல்தான். இதை அப்பாவிடம் சொன்னபோது, “அவங்களுக்கே அம்புட்டு கணக்கு இருந்திருக்கு பாரு” என்றார்.

சரி, நேரம்? 110-ல் ஓட்டிய நாட்களில் பங்க்கிலிருந்து பங்க்குக்கு 2 மணி 50 நிமிஷம். 80-ல் 3 மணி 25 நிமிஷம். காகிதக் கணக்கில் 50 நிமிஷம் மிச்சமாக வேண்டும். டோல்கேட்டும், ஊர்களின் சர்வீஸ் ரோடும், எதிர்த்திசையில் வரும் பைக்கும் அதில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொள்கின்றன. 35 நிமிஷத்துக்கு நான் கொடுத்த விலை 4 லிட்டருக்கு மேல். போக வர 8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும், மாதம் இரண்டு பயணத்துக்கு 1,600 ரூபாய்க்கு மேல். அம்மாவுக்கு நாலு நாள் ஃபிசியோதெரபி அந்தக் காசில் நடக்கிறது.

ஆடி மாதத்தில் மட்டும் கணக்கு உதைத்தது. அதே 80, ஆனால் லிட்டருக்கு 20-தான். “வண்டில ஏதோ கோளாறுப்பா” என்றேன். “வண்டில இல்ல. ஆடிக் காத்து எதிர்ல அடிக்குது. 80-ல போனாலும் காருக்கு அது 100 மாதிரிதான்” என்றார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளியது. 23 கிடைத்தது.

அப்பாவையும் நான் ஒரு இடத்தில் திருத்தினேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது அவர் காலத்துப் பாடம். இப்போதைய கார்களில் கியரிலேயே இருந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும், கட்டுப்பாடும் போகும். அப்பா ஒத்துக்கொள்ள இரண்டு பயணம் ஆனது. ஆனால், அவருடைய இன்னொரு பாடம் எந்த வண்டிக்கும் பொருந்தும். “பிரேக் போடுற ஒவ்வொரு தடவையும் காசைத் தூக்கி ரோட்டுல போடுறே. தூரத்துல பாத்து முன்னாடியே காலை எடு.”

இப்படி ஒவ்வொரு வெள்ளி இரவும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் சொல்லிவிடுவேன்: “அம்மா, இருபத்திரெண்டு.” அம்மா முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரிக்கும். குறைந்தால் புருவம் சுருங்கும். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு போன். அம்மா பாத்ரூமில் விழுந்துவிட்டாள், தலையில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அன்று நான் எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. முள் எங்கே நின்றது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. உளுந்தூர்பேட்டைக்கு அப்பால், விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்றிருந்த ஒரு டிராக்டர் டிரெய்லர் கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. எப்படித் திருப்பினேன் என்று தெரியாது. அதன் பிறகு ஒரு கிலோமீட்டருக்குக் கால் நடுங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாலு தையல் போட்டு, ஸ்கேன் எடுத்து, பயமில்லை என்று சொல்லி, அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் வேகமாக வந்து மிச்சம் பிடித்த நாற்பது நிமிஷத்தில் செய்வதற்கு அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

விடியற்காலையில் அம்மா கண் திறந்தாள். கட்டோடு என்னைப் பார்த்தாள். “எவ்ளோ?”

திரும்பப் பெட்ரோல் போட்டிருந்தேன்; எண் தெரியும். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

“பதினாலும்மா.”

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினாள். உதடு ஏதோ தேடியது. “மெ... மெதுவா.”

ஆறு மாதமாக வராத புது வார்த்தை. அப்பா கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. இடது லேன், 80, லாரியைத் தாண்ட மட்டும் வலது லேன். நடுவில் பெரம்பலூரில் ஒரு டீ. வாசலிலேயே சொன்னேன்: “இருபத்திரெண்டரை!”

அம்மா சிரித்தாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: “ஏசி போட்டியா, போடலையா?”