கணக்கு காட்டாதவனின் மைத்துனன்

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் பானையும் ஓலையும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு மைத்துனன்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அந்த ஊர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று முடிவுசெய்து கல்லில் வெட்டி வைத்தது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, பானையில் போட்டு, விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். மடக்கிய கைக்குள் இன்னொரு ஓலை இருந்துவிடலாம் அல்லவா? பதவிக்காலம் 360 நாள்.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். கல்வெட்டு இன்னும் போகிறது. யாருடைய ஓலை பானைக்குள் போகவே கூடாது என்று ஒரு பட்டியல். அதில் முக்கியமான ஆள், முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாமல் போனவன். அவன் மட்டுமில்லை. அவன் அப்பா, மகன், உடன்பிறந்தவன், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், பெரியம்மா சித்தி பிள்ளைகள் வரைக்கும் கிடையாது.

பதிமூன்று வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு விதி இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தால், அதற்கு முன் யாரோ அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துப் புகுந்து போயிருக்கிறார்கள் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். 919-இன் முடிவை இரண்டே வருடத்தில் திருத்தி விரிவாக்கியிருப்பதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆளை விலக்கினால் மச்சானை அனுப்புவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நல்லவனைத் தேடி எடு என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. கணக்கு எங்கே என்று கேட்டார்கள்.

ஆனால் கேட்டது யார்? பானைக்குள் பெயர் போக கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். ஏரி வாரியத்துக்கு உறுப்பினர் எடுத்தார்கள். ஏரியில் மண் சுமந்தவர்கள் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. ஆக, தங்களுக்குள் ஒழுங்காகக் கணக்கு பார்த்துக்கொண்ட ஒரு சிறு குழு. நேர்மையான நிர்வாகம் என்று சொல்லலாம். ஜனநாயகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைப் பேசுவது சுலபம்.

*

வேலைக்காக இரண்டு வருடம் சிங்கப்பூரில் இருந்தேன். எங்கள் டீமில் பாதிப்பேர் தமிழர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிட உட்கார்ந்தால், பரோட்டா வருவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "பாத்தியா, ஒரு ஆபீஸ்ல கூட எவனும் கை நீட்டல. இதுக்கு ஜனநாயகம்லாம் எதுக்குடா? நமக்கும் ஒரு லீ குவான் யூ இருந்திருக்கணும்."

இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. லஞ்சத்தை விசாரிக்கும் அமைப்பை 1952-இல் ஆங்கிலேயர்கள்தான் அங்கே தொடங்கினார்கள். அதற்குப் பல் முளைத்தது, லீ பிரதமரான மறு வருடம், 1960-இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்தால். அமைச்சர்களையும் அது விடவில்லை. தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த டே சியாங் வான் லஞ்சப் புகாரில் விசாரிக்கப்பட்டபோது 1986 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். 2024 அக்டோபரில், நம்மவர் என்று பலரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன், தொழிலதிபர்களிடம் பரிசுகள் பெற்றதற்கும் நீதிக்கு இடையூறு செய்ததற்கும் பன்னிரண்டு மாதம் சிறைத்தண்டனை பெற்றார். நம் ஊரில் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இதே சிங்கப்பூரில் இன்னொரு தமிழரும் இருந்தார். ஜே.பி. ஜெயரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த வழக்கறிஞர். 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்தார். நாடு தனியான பிறகு தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் போன முதல் எதிர்க்கட்சிக்காரர் அவர்தான். அதற்கு முன் பல வருடங்களாக அந்த அவையில் எதிர்வரிசை என்பதே இல்லை. 1986-இல் கட்சிக் கணக்கு தொடர்பான வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பதவி போனது, பிறகு வழக்கறிஞர் உரிமமும் போனது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1988-இல் அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலில் திரும்பச் சேர்த்து, அவருக்கு நடந்தது கடும் அநீதி என்றது. 1994-இல் அந்த மேல்முறையீட்டு வழியே முழுதாக மூடப்பட்டது. அவதூறு வழக்குகளின் இழப்பீட்டைக் கட்ட முடியாமல் 2001-இல் திவாலானார். தான் எழுதிய புத்தகங்களைத் தெருவில் நின்று விற்றார். 2008-இல் இறந்தார்.

சிங்கப்பூரின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. இரண்டு வருடம் அதன் பலனை அனுபவித்தவன். ஆனால் அந்த நேர்மையின் சாவி வீட்டுக்குள் இருந்தது. ஆட்சியாளர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து ஒருவன் சோதிக்க வந்தபோது அவன் தெருவுக்கு வந்தான்.

லீ ஆண்ட அதே காலத்தில், கொஞ்சம் கிழக்கே, பிலிப்பைன்ஸில் மார்கோஸும் இருந்தார். 1972-இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது அவர் சொன்னதும் கட்டுப்பாடு, ஒழுக்கம், புதிய சமுதாயம் என்றுதான். 1986-இல் மக்கள் தெருவுக்கு வந்து அவர் நாட்டைவிட்டு ஓடியபோது, குடும்பமாகச் சேர்த்திருந்த சொத்து 500 கோடியிலிருந்து 1,000 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தொடக்கத்தில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசினார்கள். எவர் லீ, எவர் மார்கோஸ் என்று பதவியில் உட்காரும் நாளில் தெரிவதில்லை. தெரிய வரும்போது கேட்க ஆளில்லை.

நல்ல சர்வாதிகாரி வேண்டும் என்பதும் ஒரு குடவோலைதான். ஒரே ஒரு தடவை எடுக்கலாம். மாற்றி எடுக்கப் பானையே இருக்காது.

*

இதைச் சொல்லிவிட்டு நம் பக்கம் திரும்பினால் வெட்கமாகத்தான் இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 இடைத்தேர்தலில் ஆர்.கே.நகர். 2019 மக்களவைத் தேர்தலில் வேலூர். பணம் கொட்டியதால் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே ரத்து செய்த தொகுதிகள் இவை. மேலே போனால் தேர்தல் பத்திரம். யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று வாக்காளருக்குத் தெரியாமலே 2018-இலிருந்து ஆறு வருடம் ஓடியது. 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு எதிரானது என்றது.

என் அத்தை ஓட்டுக்குக் காசு வாங்குவார். ஒளிக்கவும் மாட்டார். ஒருமுறை நான் முகம் சுளித்தபோது கேட்டார்: "அஞ்சு வருஷத்துல கவர்மெண்ட்டுலருந்து நேரா என் கைக்கு வர்றது இது ஒண்ணுதான். இதையும் வேணாங்கிறியா?" கொடுப்பது அரசாங்கமில்லை, கட்சி என்று சொல்லியிருக்கலாம். அத்தைக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவர் சொன்னது வேறு.

ஐந்து வருடத்தில் 1,826 நாள். அதில் ஒருநாள் மட்டும் அத்தையை யாரோ தேடி வருகிறார்கள். மீதி 1,825 நாள் அவர் தேடிப் போனால் "நாளைக்கு வாம்மா". அந்த ஒருநாளின் விலை குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர் விற்பது அந்த ஒருநாளை மட்டும்தான்.

அமர்த்தியா சென் சொன்னது இங்கே பொருந்தும். சுதந்திரப் பத்திரிகையும் தேர்தலும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை, ஆனால் அன்றாடப் பட்டினி சத்தமில்லாமல் தொடர முடியும் என்றார். ஊழலும் அப்படித்தான். தலைப்புச் செய்தியாகும் திருட்டைத் தேர்தல் தண்டித்துவிடும், சில சமயம். ரேஷன் கடைத் தராசில், மஸ்டர் ரோலில், தெருச் சாலையின் நீளத்தில் நடப்பதைத் தேர்தலால் பிடிக்க முடியாது. அதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றைக் கண்டுபிடித்தவர்கள் ராஜஸ்தானில் மண் வெட்டிய கூலிக்காரர்கள்.

*

சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுப்போன அருணா ராயும், நிகில் தேயும், சங்கர் சிங்கும் தேவ்துங்ரி என்ற கிராமத்தில் ஒரு மண்வீட்டில் தங்கியிருந்தார்கள். அந்தப் பகுதித் தொழிலாளர்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிரச்சினை ரொம்பச் சின்னது. பஞ்ச நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி வரவில்லை. கேட்டால், "நீங்க அவ்வளவு வேலை செய்யல, ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு." ரெக்கார்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம்.

எப்படியோ சில பதிவேடுகளின் விவரங்களை வாங்கி, 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் ஊரைக் கூட்டி உரக்க வாசித்தார்கள். ஜன் சுன்வாய், பொது விசாரணை. வந்தவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. காது போதுமானதாக இருந்தது. இப்படியான விசாரணைகளில், செத்துப்போனவர் கூலி வாங்கியிருப்பார். கட்டாத கட்டடம் கட்டி முடிந்திருக்கும். எந்தத் தணிக்கை அதிகாரிக்கும் அது தெரியப்போவதில்லை. தாளில் எல்லாம் சரியாக இருக்கும். அந்த ஆள் செத்துவிட்டான் என்பது அந்த ஊருக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு மொத்த விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நேர்மையான நிர்வாகத்துக்கு ஏன் ஜனநாயகம் வேண்டும்? மக்கள் புனிதமானவர்கள் என்பதாலா? அத்தையைத் தெரிந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். மேலே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் இல்லாத ஒரு தகவல் கீழே இருப்பவரிடம் இருக்கிறது. அதை அவர் பயமில்லாமல் சொல்லவும், சொன்னதற்குப் பதில் வாங்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும். உத்திரமேரூர் கணக்கு கேட்டது. மண் சுமந்தவரைக் கேட்க விடவில்லை. இவர்கள் அந்தப் பானைக்கு வெளியே நின்றவர்கள்.

1996-இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். நம்ம பணம், நம்ம கணக்கு என்பதுதான் கோஷம். 1997-இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடு. விதிவிலக்குகள் ஏராளமாக இருந்த சட்டம் அது. 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. எதற்குக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும்.

இப்போது அந்தச் சட்டம் ஓரங்களில் தேய்கிறது. 2019 திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒன்றிய அரசின் கையில் கொடுத்தது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட விவரம் என்ற விதிவிலக்குக்குள்ளேயே இருந்த பொதுநலன் நிபந்தனையை எடுத்துவிட்டது. பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் மறுக்க நினைக்கும் அலுவலருக்கு வழி சுலபமாகிவிட்டது. தரவுகளோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் தனியுரிமை எனக்கு முக்கியம். ஆனால் மஸ்டர் ரோலில் இருப்பது பெயர்கள்தானே? பெயரை மறைத்துவிட்டால் செத்தவனை எப்படி அடையாளம் காண்பது?

*

எங்கள் ஊர்த் தெருவில் பேவர் பிளாக் சாலை போட்டார்கள். எங்கள் வீட்டைத் தாண்டி நாலு வீட்டோடு சாலை நின்றுவிட்டது. அதற்கப்புறம் பழைய மண்தான். அங்கே இருப்பவர்கள் மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். வேலையை எடுத்துச் செய்தவர் என் சொந்த மாமா, அம்மாவின் தம்பி. ஊராட்சித் தலைவர் அவருடைய மைத்துனர்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த வேலையின் அளவுப் புத்தக நகலைக் கேட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உன் காதுகுத்துக்கு மடியில வச்சுக்கிட்டவன்டா அவன்" என்றார். 30 நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு வந்தது. நீளம் 180 மீட்டர் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார். 142.

2023 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நகலை எடுத்துக்கொண்டு போனேன். நான் எழுந்திருப்பதற்குள், மண்தெருவில் இருக்கும் ஒரு வயதான அம்மா எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அளந்ததை வாசலில் நின்று பார்த்தவர். "சாமி, எங்க வீடு 180-க்கு உள்ளயா வெளியவா?" கூட்டத்தில் சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வி எழுதப்பட்டது. எழுதும்வரை அந்த அம்மா உட்காரவில்லை.

யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து மீதி 38 மீட்டருக்குக் கல் வந்து இறங்கியது.

அடுத்த தை மாதம் ஒரு கல்யாணத்தில் மாமா என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. ரசம் வந்தபோது, "என்ன மாப்ள, அடுத்து எந்த ரோட்ட அளக்கப் போற?" என்றார். அவர் திருந்திவிட்டாரா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் அவரைத் திருத்தப் போகவில்லை. போன மாதம் பக்கத்துத் தெருவில் சாக்கடை வேலை ஆரம்பித்ததும், அந்தத் தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் டேப் கேட்டு வாங்கிப் போனான். இன்னும் திருப்பித் தரவில்லை.