முன்புறமா, பின்புறமா?

துப்பறியும் கதைகளை நம் பெரியவர்கள் இலக்கியமென்று ஏற்றுக்கொண்டதில்லை. பாடப் புத்தகத்தின் நடுவே மறைத்து வைத்துப் படிக்கப்படும் நூல்களாகவே அவை நம் இல்லங்களில் நெடுங்காலம் வாழ்ந்து வந்தன. ஆயினும் அவை நுழையாத இல்லம் எது? 1942ஆம் ஆண்டில் ஆனந்த விகடனில் தேவன் தோற்றுவித்த துப்பறியும் சாம்புவைப் படித்துச் சிரிக்காதவர் யார்? தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தும் போதெல்லாம் தாமும் ஒரு கோப்பை கேட்டுப் பெற்ற இளைஞர்கள் எத்தனை பேர்! உருது அறிந்த நம் மக்களோ, 1952இல் அலகாபாத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய இப்னே ஸஃபீயின் 'ஜாசூஸி துனியா' இதழுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

இக்கதைகளால் விளையும் நன்மை யாது? பொழுது போகும் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்றே பலரும் விடை பகர்வர். அவ்விடை முழுமையானதன்று என்பது என் எண்ணம். தொலைக்காட்சியில் வந்த ஒரு துப்பறியும் கதையும், அதைப்பற்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த உரையாடலுமே அவ்வெண்ணத்துக்குக் காரணம். அதனை வாசகப் பெருமக்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

1993ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் 'பியோம்கேஷ் பக்ஷி' என்னும் தொடர் இந்தி மொழியில் ஒளிபரப்பாயிற்று. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய 1932 முதல் எழுதிவந்த கதைகளை பாசு சட்டர்ஜி இயக்கியிருந்தார். பியோம்கேஷாக ரஜித் கபூரும், அவருடைய தோழரும் கதையைச் சொல்பவருமான அஜித்தாக கே.கே. ரெய்னாவும் நடித்தனர். அதற்கு முன்னரும் 1985இல் 'கரம்சந்த்' என்றொரு துப்பறியும் தொடர் வந்ததுண்டு. அதன் நாயகர் எந்நேரமும் கேரட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். நாங்கள் அவரைக் கண்டு சிரித்ததோடு சரி. பியோம்கேஷோ வேட்டி கட்டிய துப்பறிவாளர். தொப்பியில்லை, குழாயில்லை, கைத்துப்பாக்கியைச் சுழற்றும் வழக்கமில்லை. நம் தெருவில் நடந்து வந்தால் பள்ளி ஆசிரியர் என்றே எண்ணத் தோன்றும். அதனாலேயே அவர் எங்களுக்கு நெருக்கமானவராகிவிட்டார்.

எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிக்காடு. நான் அப்போது அரியலூரில் அறையெடுத்துத் தங்கி அலுவல் பார்த்து வந்தேன். பெரம்பலூரும் அரியலூரும் அந்நாளில் திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே இணைந்து, 2007இல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. விடுமுறை கிடைத்த போதெல்லாம் பேருந்தேறி ஊருக்குப் போய்வருவது என் வழக்கம்.

ஊரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி கூடத்தில் வாசலைப் பார்த்தாற்போல் வைக்கப்பட்டிருந்தது. பெண்கள் உள்ளே அமர்வார்கள். ஆண்கள் திண்ணையிலிருந்து பார்ப்பார்கள். அண்டை வீட்டுத் தமிழாசிரியரும் முக்குச் சைக்கிள் கடைக்காரரும் தவறாமல் வந்துவிடுவார்கள். இவர்களில் எவருக்கும் இந்தி தெரியாது. எங்கள் மாமா ஒருவர்தாம் சபுராளி. சவூதியில் பன்னிரண்டாண்டுகள் பலநாட்டுத் தொழிலாளரோடு ஒரே அறையில் வாழ்ந்து இந்தி பழகியவர். அவர் மொழிபெயர்ப்பார். ஆனால் விறுவிறுப்பான கட்டம் வந்துவிட்டால் தாமே கதையில் மூழ்கி மொழிபெயர்ப்பை மறந்துவிடுவார். ஆகவே எஞ்சியோர் காதை விட்டுக் கண்ணையே நம்ப வேண்டியதாயிற்று. எவர் எங்கே நின்றார், எந்தக் கதவு திறந்திருந்தது, எவர் கையில் என்ன இருந்தது என்பனவற்றை அவர்கள் கவனித்த அளவுக்கு மொழி தெரிந்தவர்கள் கவனித்திருப்பார்களா என்பது ஐயமே.

அத்தொடரில் ஒருநாள் 'ராஸ்தே கா காண்டா', அதாவது 'பாதையின் முள்' என்னும் கதை வந்தது. சரதிந்து எழுதிய பியோம்கேஷ் கதைகளுள் முதலாவது அதுவே. கல்கத்தா நகரத் தெருக்களில் நடந்து செல்லும் செல்வந்தர்கள் திடீரென்று சுருண்டு விழுந்து மடிகின்றார்கள். அவர்கள் நெஞ்சிலிருந்து எடுக்கப்படுவதோ ஒரு கிராமபோன் ஊசி! வெடியோசையைக் கேட்டவர் இல்லை. எய்தவனைக் கண்டவர் இல்லை. ஒருவர் மட்டும் உயிர் தப்புகின்றார். சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தில் ஊசி தைத்ததால் பிழைத்த அவர், அக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பியோம்கேஷிடம் வருகின்றார்.

கதை இவ்விடத்தை எட்டியபோது ஊரில் மின்சாரம் நின்றுவிட்டது. அது திரும்பி வந்தபோது தொடர் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருந்ததாம். அரியலூரில் விளக்கு அணையவில்லை; நான் முழுக்கதையையும் பார்த்துவிட்டேன்.

அடுத்தமுறை நான் ஊருக்குச் சென்றபோது, பையைக் கீழே வைக்குமுன்பே என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கொலைகாரன் யாரு, சொல்லு!" என்று சின்னத்தா அவசரப்பட்டார். எங்கள் நன்னிதான் கையமர்த்தினார். அரபுத்தமிழ் நூல்களைத் தவிர வேறொன்றும் படித்தறியாதவர் அவர். "அவன் இப்பச் சொல்லவேணாம். பாதிக் கதை பார்த்தோமில்லே, அதை வச்சு ஆளுக்கொரு முடிவு சொல்லுங்க. சரியா தப்பான்னு அவன் பிறகு சொல்லட்டும்" என்றார்.

இஷாத் தொழுகைக்குப் பின் திண்ணையில் வழக்காடு மன்றம் கூடிற்று. சின்னத்தா முதலில் தீர்ப்பு வழங்கினார். படத்தில் வந்த ஒருவனைக் குறிப்பிட்டு, "அவன் முழியே சரியில்லே, அவனேதான்" என்றார். எப்படிக் கொன்றான் என்று கேட்டதற்கு அவரிடம் விடையில்லை. மாமாவோ மாடியிலிருந்து ஊதுகுழலால் எய்திருக்கலாம் என்றார்.

நன்னி ஒரு கேள்வியைத் தொடுத்தார். "செத்தவங்க அத்தனை பேருக்கும் ஊசி பாய்ஞ்சது முன்னாடியா, பின்னாடியா?"

"மார்பிலேதாம்மா" என்றார் மாமா.

"அப்ப மாடியுமில்லே, மறைவுமில்லே. எதிர்க்க வந்தவன் செய்த வேலை. யூசுப் நபியோட சட்டை எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு பார்த்துத்தானே நியாயம் சொன்னாங்க?"

திண்ணையில் சிறிது நேரம் பேச்செழவில்லை. யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நம்மில் அறியாதவர் யார்? அமைச்சரின் மனைவி அவர்கள்மீது பழிசுமத்தியபோது, அவள் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே, சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய் என்று வழிகாட்டினார். சட்டை பின்புறமே கிழிந்திருந்தது. அதே வரலாற்றின் தொடக்கத்தில், ஓநாய் தின்றதாகச் சொல்லி இரத்தம் தோய்ந்த சட்டையொன்றைச் சகோதரர்கள் கொண்டுவந்தபோது, சட்டை கிழியாதிருப்பதை யஃகூப் நபி (அலை) அவர்கள் கண்டுகொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதியிருக்கின்றார்கள். ஆண்டுதோறும் நாம் கேட்டுவரும் அவ்வரலாற்றில் இத்தகைய துப்புத்துலக்கும் நெறி அடங்கியிருப்பதை அன்றுதான் நான் எண்ணிப் பார்த்தேன்.

தமிழாசிரியர் அதனைத் தொடர்ந்தார். "சரிதான் அம்மா. சாட்சி சொல்ல ஆள்தான் வேண்டுமென்பதில்லை, பொருளும் சொல்லும். காரைப் பக்கம் புன்செய்க் காட்டில் கடற்சிப்பி கிடக்கிறது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. இங்கே கடல் இருந்ததைக் கண்ட மனிதர் எவருமில்லை. ஆனாலும் அறிஞர்கள் நம்புகிறார்களே, எதை வைத்து?" என்றார். சாத்தனூரின் அம்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுத் தொன்மையுடையது. கடலில் அடித்துவரப்பட்டுச் சேற்றில் புதைந்து கல்லான அதனை, 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். எங்களுக்கு அது சிறுவர்கள் ஏறி விளையாடும் பாறையாகவே தெரிந்திருந்தது.

பின்னர் உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "எல்லாரும் நடுரோட்டிலேதான் விழுந்தாங்க. ஓரத்துலே நடக்கையிலே ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலே. அப்ப எதிரே வந்தது வண்டியாகத்தான் இருக்கணும்."

இதற்கப்பால் அவர்களால் செல்ல இயலவில்லை. நான் மீதியைச் சொன்னேன். கொலைகாரன் சைக்கிளில் வருகின்றான். ஊசியை எய்யும் கருவி சைக்கிள் மணிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கின்றது. மணியை அடிக்கும்போது ஊசி பாய்கின்றது. எய்யும் ஓசை மணியோசையில் அமிழ்ந்து போகின்றது. எல்லாரும் கேட்கும் ஒலி. ஆகையால் எவரும் பொருட்படுத்தாத ஒலி! சைக்கிள் கடைக்காரர் மட்டும் இதை ஒப்பவில்லை. "மணிக்குள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்கு அவ்வளவு விசை ஏது தம்பி? அதுவும் ஓடுகிற வண்டியிலே குறி நேரா நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் பழைய மணியொன்றைக் கழற்றிக் காட்டி எங்களுக்குப் பாடமே நடத்தினார்.

இம்மட்டில் முடிந்திருந்தால் அது இனிய பொழுதுபோக்காகவே இருந்திருக்கும். ஆனால் அம்மாதமே பக்கத்து வீட்டில் சீட்டுப் பணம் காணாமற் போயிற்று. பீரோவில் வைத்த பணம்; மாமியின் மகள் திருமணத்துக்கென்று சேர்த்தது. தெருவே கலங்கிற்று. எவர் தொடங்கினாரோ தெரியாது, மாலைக்குள் எல்லாருடைய வாயிலும் ஒரு பெயர் அடிபட்டது. தந்தையை இழந்த பத்து வயதுச் சிறுவன். மதரஸாவில் ஓதிக்கொண்டு, வீடுகளுக்குக் கடைகண்ணிக்குப் போய்வந்து உதவியவன். "அவன் முழியே சரியில்லே. கூப்பிட்டு நாலு அறை விட்டால் உண்மை வந்துவிடும்" என்றார் சின்னத்தா. ஊசிக் கொலைக்கு வழங்கிய அதே தீர்ப்பு, அதே சொற்கள்!

நன்னி எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். உரத்துப் பேசவில்லை, கேள்விகளை மட்டும் கேட்டார். பணத்தைக் கடைசியாக எண்ணிப் பார்த்தது எந்நாள்? சாவி எங்கே தொங்கும்? பையன் நடையைத் தாண்டி உள்ளே வந்ததுண்டா? விடைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பணத்தை எண்ணிப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. சாவி கூடத்து ஆணியில் எல்லாரும் காணத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்நாட்களில் வெள்ளையடித்தவர்களும், பத்திரிகை வைக்க வந்த உறவினர்களும், விருந்தினரும் உள்ளே வந்து போயிருந்தார்கள். அச்சிறுவனோ ஒரே ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவன்.

"சட்டை எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு தெரியலே. அதுக்குள்ளே பிள்ளையை அடிச்சா, எடுக்காததையும் எடுத்தேன்னுதான் சொல்லுவான். அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு?" என்று நன்னி கேட்டபோது சின்னத்தா தலைகுனிந்தார். பிறகு அவரே முன்னின்று உறவினரிடம் கைம்மாற்று வாங்கித் திருமணம் தடையின்றி நடக்கச் செய்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

பணம் கிடைக்கவே இல்லை. எடுத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. தொலைக்காட்சிக் கதையைப்போல் இறுதிக் காட்சியில் எல்லாம் விளங்கிவிடுவது வாழ்க்கையில் அரிது. ஆனால் அச்சிறுவன்மீது எவர் கையும் படவில்லை. அவர் பின்னாளில் ஊரிலேயே கடை வைத்து, மதிப்போடு வாழ்கின்றார். தம்மைச் சுற்றி ஒருநாள் மாலை இத்தகைய பேச்சு நடந்ததென்பதே அவருக்குத் தெரியாது. அன்றைய விசாரணையின் வெற்றி அதுவென்றே நான் கருதுகின்றேன்.

பியோம்கேஷ் தம்மைத் துப்பறிவாளர் என்று அழைப்பதை விரும்பமாட்டார், 'சத்தியான்வேஷி' என்பார். உண்மையைத் தேடுபவர் என்பது பொருள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. குற்றவாளியைத் தேடுகிறவனுக்கு எவனாவது ஒருவன் அகப்பட்டுவிட்டால் போதும். உண்மையைத் தேடுகிறவனோ, குற்றமற்றவனை விடுவிப்பதையும் தன் கடமையாகக் கொள்வான். ஊகத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துக்கொள்ளுமாறும், கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும் ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு அறிவுறுத்துவதும் இதனையே அன்றோ?

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தூர்தர்ஷன் இத்தொடரை மீண்டும் ஒளிபரப்பிற்று. பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தேன். அவர்கள் பாதிக் கதையிலேயே கைப்பேசியைத் தட்டி முடிவைத் தெரிந்துகொண்டார்கள். அதே கைப்பேசியில், எங்கோ எடுத்த ஒரு படத்தோடு, இவன் திருடன், இவன் பிள்ளை பிடிப்பவன் என்னும் செய்திகளும் நாள்தோறும் வருகின்றன. நொடியில் ஆயிரம் வீடுகளுக்குப் போகின்றன. 2018இல் அத்தகைய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அவரிடம் ஒரு கேள்வியைப் பொறுமையாகக் கேட்க அங்கே ஒருவர்கூட முன்வரவில்லை.

ஆகவே, அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் துப்பறியும் கதை பார்த்தால் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்களும் உடன் அமருங்கள். முடிவு வருமுன் படத்தை நிறுத்திவிட்டு, யார் செய்தது என்று கேளுங்கள். அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று மறுபடியும் கேளுங்கள். அந்த இரண்டாம் கேள்வி நாவில் பழகிவிட்டால், பிற்காலத்தில் யாரோ ஓர் ஏழைப் பிள்ளைக்கு அது பாதுகாப்பாக அமையும்.