ஒட்டாத தவா

டெஃப்லான் என்றால் நமக்கு இரண்டு மார்க் கேள்வி. 1938-இல் அமெரிக்காவில் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது. பத்துப்பாத்திரம் தேய்க்கும் என் அம்மாவுக்கோ அது சம்பளப் பிரச்சினை! வேலை செய்யும் வீட்டு நான்ஸ்டிக் தவாவில் முட்டை கருகி ஒட்டிக்கொண்டதாம். "கம்பி நார் போட்டா கீறிடும், சம்பளத்துல பிடிச்சுக்குவாங்கடா" என்றாள்.

தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடா போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஸ்பாஞ்சால் துடைக்கச் சொன்னேன். கீறல் இல்லாமல் வந்துவிட்டது. வெறும் தவாவை அடுப்பில் காயவிடவும் கூடாது. 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெடத் தொடங்கும். ஆனால் இதை அந்த வீட்டுக்காரம்மாவிடம் அல்லவா சொல்ல வேண்டும்? அம்மா எப்படிச் சொல்வாள்!

"நமக்கும் ஒண்ணு வாங்கலாமா?" என்கிறாள் தங்கை. வேண்டாம் நண்பர்களே, எங்களுக்கு இரும்புத் தோசைக்கல்லே போதும். ஒட்டினால் சுரண்டலாம், மறுபடி எண்ணெய் தடவிப் பழக்கிக்கொள்ளலாம்.