உக்காஷா முந்திக்கொண்டார்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கோவளத்தில் தமீமுல் அன்சாரி தர்கா. விழுப்புரம் சந்திப்பில் மயிலாடுதுறை வண்டி ஏறினால் பண்ருட்டி, கடலூர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் பரங்கிப்பேட்டை. அங்கே உக்காஷா தர்கா. நபி (ஸல்) அவர்களின் முகத்தைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் நம் கடலோரத்தில் அடங்கியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடுதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஜியாரத்துக்குப் போய் வருகின்றன. துபாய்க்குக் கிளம்பும் பிள்ளைக்கு, பேச்சு வராத குழந்தைக்கு, தள்ளிப்போகிற நிக்காஹுக்கு என்று எதற்கும் ஒரு வேன் புறப்படும். என் நன்னி உக்காஷா என்று வெறும் பெயரைச் சொன்னதே இல்லை. எப்போதும் உக்காஷா நாயகம்தான்.

ஆனால் திரும்பி வரும் வழியில் உக்காஷா யார் என்று வேனில் இருக்கிறவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு கதைதான் வரும். சாட்டைக் கதை. நபியவர்கள் தம் கடைசி நாட்களில் பள்ளிவாசலில் எல்லோரையும் கூட்டி, என்னால் யாருக்காவது தீங்கு நேர்ந்திருந்தால் இப்போதே பழி தீர்த்துக்கொள்ளட்டும் என்றார்களாம். உக்காஷா எழுந்து, ஒருமுறை உங்கள் சாட்டை என் விலாவில் பட்டது என்றாராம். பிலால் (ரலி) ஃபாத்திமா (ரலி) வீட்டுக்குப் போய்ச் சாட்டையை வாங்கி வருகிறார். நபியவர்களுக்குப் பதில் என்னை அடி என்று அபூபக்கரும் உமரும் அலியும் எழுந்து நிற்கிறார்கள். பேரப்பிள்ளைகள் ஹஸனும் ஹுஸைனும் அழுகிறார்கள். நபியவர்கள் மேலாடையை விலக்க, உக்காஷா சாட்டையை வீசியெறிந்துவிட்டுப் பாய்ந்து முத்தமிடுகிறார். ரமலான் இரவுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது பெண்கள் பகுதியில் விசும்பல் கேட்கும். என் அத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இந்தக் கதை நடந்ததல்ல என்பது ஹதீஸ் அறிஞர்களின் முடிவு. 1201-இல் மறைந்த பாக்தாத் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் திரட்டிய தம் நூலில் இதைச் சேர்த்துவிட்டார். அறிவிப்பாளர் வரிசையில் பொய் சொல்பவர் என்று பெயர் வாங்கிய ஒருவர் இருக்கிறார். பத்ருப் போரில் இதைப் போன்ற ஒரு சம்பவம் நடந்ததாக வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் எழுதியிருக்கிறார். ஆனால் அது ஸவாத் இப்னு கஸிய்யா என்ற வேறொரு தோழரைப் பற்றியது. அணிவகுப்பைச் சீர்செய்தபோது நபியவர்கள் கையிலிருந்த அம்பால் அவர் வயிற்றில் குத்தி உள்ளே தள்ளினார்கள். வலித்தது, பழி வேண்டும் என்று கேட்டவர், நபியவர்கள் தம் வயிற்றைத் திறந்து காட்டியதும் அணைத்து முத்தமிட்டார். அந்த ஸவாதின் சிறு நிகழ்ச்சி யாரோ ஒரு கதைசொல்லியின் கையில் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டு அழுதவர்களின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. என் வருத்தம் வேறு. உக்காஷாவின் உண்மையான வாழ்க்கையில் இதைவிடப் பெரிய விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை நாம் சொல்வதே இல்லை.

உக்காஷா இப்னு மிஹ்ஸன் குறைஷி அல்ல. பனூ அஸத் குலத்தவர். மக்காவில் அப்து ஷம்ஸ் குடும்பத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அவர்களுடைய பாதுகாப்பில் வாழ்ந்த வெளியாட்களில் ஒருவர். சொந்தக் குலத்தின் வலிமை பின்னால் இல்லாத ஊரில் புது மார்க்கத்தை ஏற்பது என்ன துணிச்சல் என்பது பிழைக்கப் போன ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். ஹிஜ்ரத் கட்டளை வந்ததும் அவருடைய கிளையினர் ஆண், பெண், குழந்தை எல்லோருமாகக் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒன்றான ஜஹ்ஷ் குடும்பத்தின் வீடு ஆளில்லாமல் கிடந்து, கதவுகள் காற்றில் அடித்துக்கொண்டதை குறைஷித் தலைவர்கள் பார்த்து நின்றதாக வரலாறு சொல்கிறது. கிளம்பிய பெண்களில் உக்காஷாவின் சகோதரி உம்மு கைஸும் ஒருவர்.

பத்ரு நடந்தது கி.பி. 624, ரமலான் 17. முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகள். சண்டையின் நடுவில் உக்காஷாவின் வாள் ஒடிந்துவிட்டது. நபியவர்களிடம் ஓடி வந்தார். அவர்கள் எடுத்துக் கொடுத்தது ஒரு மரக்கட்டை. இதைக் கொண்டு போரிடு என்றார்கள். அதை வாங்கி அவர் வீசியதும் அது நீண்ட, உறுதியான, வெண்ணிற வாளாக மாறியது என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். உதவி என்று பொருள்படும் அவ்ன் என்பது அந்த வாளுக்கு வழங்கிய பெயர். கடைசிவரை அவர் அதை விடவில்லை. நான் திரும்பத் திரும்ப நினைப்பது வாளாக மாறிய அதிசயத்துக்கு முந்தைய கணத்தை. எதிரே கவசம் போட்ட எதிரிகள். தமக்குக் கிடைத்திருப்பது ஒரு கட்டை. இதை வைத்து என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. வாங்கினார், வீசினார்.

அவருடைய சுபாவமே அப்படித்தான் இருந்திருக்கிறது. எதிலும் தயங்கி நிற்காதவர். அதற்கு இன்னொரு சாட்சி புகாரி, முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. தம் சமுதாயத்தில் எழுபதாயிரம் பேர் கேள்வி கணக்கில்லாமல் சொர்க்கம் போவார்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். மந்திரித்துக்கொள்ளாதவர்கள், சகுனம் பார்க்காதவர்கள், சூடு போட்டுக்கொள்ளாதவர்கள், தம் இறைவன் மீதே பாரத்தைப் போட்டவர்கள் என்று அவர்களின் அடையாளத்தையும் சொன்னார்கள். கூட்டத்தில் முதலில் எழுந்தவர் உக்காஷா. நானும் அவர்களில் ஒருவனாக வேண்டும், எனக்காக துஆ செய்யுங்கள் என்றார். நீரும் அவர்களில் ஒருவர்தான் என்ற பதில் கிடைத்தது. உடனே இன்னொருவர் எழுந்து அதையே கேட்டார். உக்காஷா உம்மை முந்திக்கொண்டார் என்றார்கள் நபியவர்கள். அரபு நாடுகளில் அது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. வாய்ப்பைத் தவறவிட்டவனைப் பார்த்து இன்றும் அப்படிச் சொல்கிறார்கள்.

அந்த இரண்டாவது மனிதர் நயவஞ்சகராக இருந்திருக்கலாம் என்று சில விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவருக்கும் ஆம் என்றால் மூன்றாமவர், நான்காமவர் என்று சபை முழுவதும் எழுந்திருக்கும். அதற்காகவே அந்த வாசல் மென்மையாகச் சாத்தப்பட்டது என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான். நீ தகுதியில்லாதவன் என்று அவரிடம் சொல்லப்படவில்லை, பாருங்கள். இன்னொருவர் முந்திக்கொண்டார் என்றுதான் சொல்லப்பட்டது. இவ்வளவு மென்மையாக மறுப்பதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

இந்த ஹதீஸை தர்காவுக்குப் போகிற நாங்கள் கவனமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். தாயத்துக் கட்டிக்கொண்டு, பூனை குறுக்கே போனால் பயணத்தை நிறுத்திக்கொண்டு, நாம் பார்க்கப் போவது சகுனம் பார்க்காதவர்களின் வரிசையில் முதலில் பெயர் கொடுத்த மனிதரை. போக வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் கேட்டது என்ன என்று தெரிந்துகொண்டு போகலாம் என்கிறேன்.

உம்மு கைஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தம்முடைய ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நபியவர்களிடம் வருவார். இன்னும் சோறு தின்னத் தொடங்காத பச்சைக் குழந்தை. நபியவர்களின் மடியிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. தண்ணீர் வரவழைத்து அந்த இடத்தில் தெளித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்னொரு முறை குழந்தைக்குத் தொண்டையில் அழற்சி. அந்தக் கால வழக்கப்படி விரலை விட்டு அழுத்தி வைத்தியம் செய்திருந்தார். பிள்ளைகளை ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று கடிந்து, இந்தியக் கட்டையைப் பயன்படுத்துங்கள், அதில் ஏழு நோய்க்கு நிவாரணம் இருக்கிறது என்றார்கள். அந்தக் கட்டை, நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று கேட்டால் எடுத்துத் தருகிற வேர்தான் என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. இமயமலைச் சாரலில் விளைந்து, மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக ரோமாபுரி வரை போன சரக்கு அது. உக்காஷாவின் வீட்டில் இந்தியாவின் வாசனை இருந்தது என்று நினைக்கும்போது, பரங்கிப்பேட்டை எனக்கு அவ்வளவு தொலைவாகத் தெரிவதில்லை.

நஸாயீயின் ஹதீஸ் தொகுப்பில் அந்தச் சகோதரியைப் பற்றி இன்னொரு செய்தி வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனம் என்பவர்களும் உண்டு. உம்மு கைஸின் மகன் இறந்துபோகிறான். துக்கத்தில் நிலைகுலைந்தவர், மையித்தைக் குளிப்பாட்டுகிறவரிடம், பச்சைத் தண்ணீரை ஊற்றி என் பிள்ளையைக் கொன்றுவிடாதே என்கிறார். இறந்த பிள்ளையைத்தான் அப்படிச் சொல்கிறார். அதை நபியவர்களிடம் போய்ச் சொன்னவர் உக்காஷா. அவர்கள் புன்னகைத்து, அப்படியா சொன்னாள், அவள் நீண்ட நாள் வாழட்டும் என்றார்கள். அவரைப் போல் நெடுங்காலம் வாழ்ந்த பெண்ணை நாங்கள் அறிந்ததில்லை என்று அறிவிப்பாளர் முடிக்கிறார். சாட்டைக் கதையில் அழத் தெரிந்த நமக்கு, இங்கே அழுவதற்கு எவ்வளவு இருக்கிறது.

இனி உக்காஷாவின் மரணம். நபியவர்கள் 632 ஜூனில் மறைந்தபோது உக்காஷாவுக்கு நாற்பத்து நான்கு வயது இருக்கும் என்கிறார்கள். அரபுக் குலங்கள் பல பிரிந்துபோயின. நஜ்துப் பக்கத்தில் துலைஹா என்பவர் தானும் நபி என்று சொல்லிக்கொண்டு படை திரட்டினார். துலைஹா யார்? உக்காஷாவின் சொந்தக் குலமான பனூ அஸதைச் சேர்ந்தவர். அவரை எதிர்க்க முஸ்லிம் தளபதி காலித் இப்னு வலீத் படையோடு புறப்பட்டு, உக்காஷாவையும் ஸாபித் இப்னு அக்ரமையும் வேவு பார்க்க முன்னால் அனுப்பினார். ஸாபித் சாதாரணமானவரல்ல, 629-இல் மூத்தாப் போரில் தளபதிகள் மூவரும் அடுத்தடுத்து விழுந்தபோது, கீழே கிடந்த கொடியை எடுத்து, தலைமையைத் தான் வைத்துக்கொள்ளாமல் காலிதின் கையில் கொடுத்தவர். இந்த இருவரும் துலைஹாவையும் அவர் சகோதரரையும் எதிர்கொண்டு, புஸாகா அருகே கொல்லப்பட்டார்கள். பின்னால் வந்த படைக்கு, வழியில் கிடந்த உடல்களைப் பார்த்த பிறகே விஷயம் தெரிந்தது. படை முழுவதும் கலங்கி நின்றுவிட்டது.

அப்படியானால் பரங்கிப்பேட்டையில் இருப்பவர் யார் என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நூல்கள் காட்டும் இடம் அரேபியாவின் நடுப்பகுதி. ஜெருசலேமிலும் நபி உக்காஷா என்ற பெயரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. துருக்கியின் காஸியான்டெப் பகுதியில் மலை மேல் ஓர் அடக்கத்தலம். அந்த வட்டாரத்தில் ஆண் பிள்ளைகளுக்கு ஒக்கேஷ் என்று அவர் பெயரையே வைக்கிறார்கள். மூன்று மக்கள், மூன்று மொழி. ஒவ்வொருவரும் அவர் தங்களோடு இருக்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டைக்கு அந்த விருப்பம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. வெள்ளாற்று முகத்தில் அரபு மரக்கலங்கள் வந்து போன ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரின் ஊர். நான் அந்த வாசலில் நின்று ஸலாம் சொல்கிறேன். ஸலாமைச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ப்பவன் அல்லாஹ்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் உக்காஷா இறந்த பிறகு நடந்தது. புஸாகாவில் தோற்ற துலைஹா ஷாம் (சிரியா) பக்கம் தப்பி ஓடினார். சில காலம் கழித்து மனம் திரும்பி முஸ்லிமானார். உமர் (ரலி) கலீஃபாவாக இருந்தபோது அவர் முன் வந்து நின்றார். உமர் அவரிடம் மறைக்கவில்லை: உக்காஷா, ஸாபித் என்ற இரண்டு நல்லவர்களைக் கொன்றவர் நீர், உம் மீது எனக்கு ஒருநாளும் பிரியம் வராது என்றார். துலைஹா சொன்ன பதில்: என் கையால் அல்லாஹ் அவர்களைக் கண்ணியப்படுத்தினான், அவர்கள் கையால் என்னை இழிவுபடுத்தவில்லை. அன்றைக்கு அந்த இருவரில் ஒருவர் தன்னை வெட்டியிருந்தால், பொய் நபியாகவே செத்திருப்பேன் என்பது அதன் பொருள். உமர் அவரைத் தண்டிக்கவில்லை. பாரசீகப் போர்களுக்குப் போக விட்டார். காதிஸிய்யாவில் துலைஹா காட்டிய வீரம் பெரும் பெயர் பெற்றது. போர் யோசனையை அவரிடம் கேளுங்கள், பதவி மட்டும் கொடுக்காதீர்கள் என்று உமர் தளபதிகளுக்கு எழுதினார். நிஹாவந்துப் போரில் அவர் ஷஹீதானதாகப் பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

பத்ரு ஸஹாபாக்கள் நினைவாக ரமலான் 17 இரவில் எங்கள் பள்ளிவாசலில் பயான் நடக்கும். இந்த வருடம் சாட்டைக் கதையை விட்டுவிட்டு மரக்கட்டையையும், உம்மு கைஸின் பிள்ளையையும், துலைஹாவையும் சொல்லுங்கள் என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் சற்று யோசித்தார்.

"துலைஹாவைச் சொன்னா ஜனங்களுக்குக் கோபம் வருமே பாய். உக்காஷா நாயகத்தைக் கொன்னவரை எப்படிச் சேத்துக்கிட்டாங்கன்னு கேப்பாங்க."

"உமர் ரலியல்லாஹு அன்ஹுவுக்கும் அந்தக் கோபம் இருந்துச்சே ஹஜ்ரத். அதையும் சேத்துச் சொல்லுங்க."