உப்புக்கோடு

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை, மழையை எதிர்பார்த்தே வாழும் நிலத்தின் ஊடே செல்வது. 1963இல் அருப்புக்கோட்டை வரையிலும் அடுத்த ஆண்டு மானாமதுரை வரையிலும் அது மீட்டர் பாதையாக இடப்பட்டது. அகலப்பாதையாக மாறி 2013இல் மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கின. நீராவி எந்திரங்களோ அதற்கு நெடுநாள் முன்பே விடைபெற்றுவிட்டன. குண்டாற்றங்கரையில் பிறந்து வளரும் ஒரு மாணவர் இன்று அவற்றை அருங்காட்சியகத்தில் காணலாம். அல்லது உள்ளங்கைகள் இரண்டில் ஏந்தத்தக்க மாதிரி வடிவில் காணலாம்.

மாதிரி எந்திரம் விளையாட்டுப் பொருளன்று என்று அதைச் செப்பனிடுபவர்கள் சொல்வார்கள். விளையாட்டுப் பொருள்தான் என்று வீட்டிலுள்ளோர் சொல்வார்கள். இரண்டும் உண்மையே. உலகில் மிகப் பரவலாக வழங்கும் அளவில், மெய்யான எந்திரத்தின் 87 அங்குலம் மாதிரியில் ஓர் அங்குலமாகிறது. இவ்வளவு சுருங்கும்போது ஒரு மயிரிழைப் பிசகும் பெரும்பிழையாகத் தோன்றும். வண்ணத்தில் அது இன்னும் கூடுதலாகப் புலப்படும். கையால் தடித்துப் பூசிய ஒரு பூச்சு, தறையாணித் தலைகளையும் தகட்டின் ஓரங்களையும் ஒருசேர மூழ்கடித்துவிடும்.

ஆகவே செப்பனிடும் பணி பூசுவதில் தொடங்குவதில்லை, நீக்குவதில் தொடங்குகிறது. முதலில் உறுப்புகளைக் கழற்றி வரிசை மாறாமல் வைக்க வேண்டும். பிறகு, கண்ணில் படாத அடிப்பகுதியில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இட்டுப் பார்க்க வேண்டும். பழைய வண்ணம் இளகி, அடியிலுள்ள பிளாஸ்டிக் கெடாமல் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு செல்லலாம். ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, கழுவி, ஈரம் முற்றும் உலரவிட வேண்டும். அவசரக்காரர் தோற்பது இங்கேதான்.

பழைய வார்ப்பு எந்திரங்களில் வேறொரு துன்பமும் உண்டு. வார்க்கப்பட்ட துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே வெடித்து உதிரும். எந்த வண்ணமும் அதை மறைத்துக் காக்காது. அந்த உறுப்பைப் புதிதாகச் செய்வதைத் தவிர வழியில்லை.

புதிய உறுப்பு ஏறினால் அது பழைய எந்திரம்தானா? பெரிய எந்திரங்களும் இக்கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்னும் எந்திரம், 1909இல் ஓய்வு பெற்று நூறாண்டுக் காலம் காட்சிப்பொருளாக நின்றது. அதைச் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர்கள் மீட்டெடுத்து, 2010 ஆகஸ்டு 15 அன்று மீண்டும் ஓடச் செய்தார்கள். அதில் காற்றுத்தடையும் மின்விளக்கும் மின்ஒலிப்பானும் புதிதாகச் சேர்ந்தன. இன்றைய பாதையில் மற்ற வண்டிகளிடையே ஓட வேண்டிய எந்திரத்துக்கு அவை தேவை. மேசைமேல் ஓடும் மாதிரிக்கு அப்படிப்பட்ட தேவை எதுவுமில்லை. அதனால்தான் அதைச் செப்பனிடுபவரின் பொறுப்பு ஒருவகையில் கடினமானது. அவர் மாற்றுவது ஒவ்வொன்றும் அவருடைய விருப்பத்தால் மட்டுமே மாறுகிறது.

இனி வண்ணம். பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு; அதன்மேல் ஏர் பிரஷால் தெளிக்கும் கருமை, ஒரே மூச்சில் அன்று, இரண்டு மூன்று முறை. எண்களும் எழுத்துகளும் நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலங்களாகக் கிடைக்கும். இந்தியாவின் மீட்டர் பாதைகளில் பயணிகள் வண்டிகளை இழுக்க 1949 முதல் 1970 வரை 871 எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஒய்.பி. வகை எந்திரத்தை எடுத்துக்கொண்டால், 'கறுப்பு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் அருப்புக்கோட்டையில் சேலைக்குச் சாயமிட்ட கைகள் அறியும், கறுப்பு ஒன்றல்ல என்று. வெப்பம் தாங்கும் புகைப்பெட்டியின் கறுப்பு சாம்பல் பூத்து மங்கும். எண்ணெய் படிந்த தண்டுகளின் கறுப்பு மினுங்கும். நிலக்கரி ஏற்றிய பின்வண்டியின் கறுப்பு தூசியால் வறண்டிருக்கும்.

உவர்நீர் ஊற்றிய எந்திரத்துக்கு மற்றுமோர் அடையாளம் உண்டு. கொதிகலனிலிருந்து கசிந்த நீர் ஆவியாகிப் போக, கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் வெண்கோடுகளாக வழிந்து உறைந்துவிடும். நீர் கிடைப்பதே அரிதான ஊரில், கிடைத்த நீர் எத்தகையது என்பதை எந்திரம் தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டது.

அந்தக் கோட்டைக் கறை எனக் கருதிப் பளபளப்பான வார்னிஷ் பூசிவிட்டால் கடையில் வாங்கிய புதுமை கிடைக்கும். எந்த ஊர் எந்திரம் என்பது தொலைந்துபோகும். மிகையாகக் கறை தீட்டினால் அது நாடக ஒப்பனையாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே எங்கே நிற்பது என்பதைப் புத்தகம் கற்பிப்பதில்லை. பழைய நிழற்படம் இருந்தால் உதவும். ஆயினும் கறுப்பு வெள்ளைப் படம் கரிசல் தூசியின் நிறத்தைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள், வண்டி வரும் நேரத்தில் நடைமேடையில் நின்றவர்கள். இன்று முதுமையில் இருப்பவர்கள். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போட இயலாது.

பளபளப்பில்லாத வார்னிஷ் காய்ந்தபின், செப்பனிடுபவர் மிக நுண்ணிய தூரிகையை எடுக்கிறார். நீர்த்த வெண்ணிறத்தில் நுனியைத் தோய்த்து, தாளில் ஒற்றி, ஏறத்தாழ உலரவிடுகிறார். கொதிகலனின் விலாவில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. பேரனுக்காக எந்திரத்தை உற்றுப் பார்க்க வந்த பாட்டி ஒருவர், "இன்னும் கொஞ்சம் கீழே வரைக்கும் வழியும்" என்று சொன்னால், தூரிகை மறுபடியும் வண்ணத்தில் தோயும்.