கதவடைத்தவர்களும் இறைத்திட்டமும்

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், எட்மண்ட் ஹுஸர்லின் பெயரைத் தேர்வுக்காக உருப்போட்டோம். அவர் சுருக்கெழுத்தில் எழுதிக் குவித்திருந்த கையெழுத்துப்படிகளை வரிசைப்படுத்தி நூலாக்க உழைத்தவர் ஒரு பெண் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அவர் எடித் ஸ்டைன். 1998இல் திருச்சபை புனிதராக அறிவித்த கார்மேல் துறவி.

1891இல் பிரெஸ்லாவில், யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1916இல் ஹுஸர்லின் மேற்பார்வையில் முனைவர் பட்டம் பெற்று, 1918 வரை அவருக்கு உதவியாளராய் இருந்தார். காலவுணர்வு பற்றிய ஹுஸர்லின் விரிவுரைகளைச் செப்பனிட்டவர் இவரே. 1928இல் அவை அச்சேறியபோது பதிப்பாசிரியராக நின்றதோ மார்ட்டின் ஹைடெக்கரின் பெயர்.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை வேண்டி, 1919இல் கோட்டிங்கனில் ஆய்வேடு அளிக்க முயன்றார். பெண் என்பதால் அது பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. பெண்களுக்குப் பேராசிரியப் பணி திறக்கப்படுமானால், முதலில் இவரையே பரிந்துரைப்பேன் என்னும் பொருள்பட ஹுஸர்ல் சான்று எழுதியிருந்தார். அந்த 'ஆனால்' என்னும் சொல்லுக்குள்ளேயே கதவு சாத்தப்பட்டிருந்தது.

1922இல் திருமுழுக்குப் பெற்றார், தாயார் அழுதார். ஸ்பையரில் தொமினிக்கன் சகோதரியர் நடத்திய பள்ளியில் ஆண்டுகள் பல கற்பித்தார். புனித அக்குவினாசின் நூலை ஜெர்மனில் பெயர்த்தார். 1932இல் முன்ஸ்டரில் ஒரு கல்வியியல் நிறுவனத்தில் விரிவுரையாளர் பணி கிடைத்தது. மறு ஆண்டே, யூதர் என்பதால் அதுவும் பறிபோனது. வீட்டாருக்கு அவர் கத்தோலிக்கர், அரசுக்கு யூதர், பல்கலைக்கழகத்துக்குப் பெண். அவர் என்ன கற்றிருந்தார் என்று கேட்டவர் சிலரே. 1933 அக்டோபரில் கொலோன் கார்மேல் மடத்தில் நுழைந்தார். 1942 ஆகஸ்டில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

நம் மறையுரைகளில் இவ்வரலாறு மிக எளிதாக முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகக் கதவை அடைத்த இறைவன் மடத்தின் கதவைத் திறந்தார் என்கிறோம். என் உள்ளம் இதனை ஏற்க மறுக்கிறது. கதவை அடைத்தவர்கள் மனிதர்கள். தம்மை விற்ற சகோதரரிடம் யோசேப்பு, அவர்கள் எண்ணியது தீமையே என்றார். அதனை இறைவன் நன்மையாக மாற்றினார் என்றார். இரண்டையும் சொன்னார். பின்னதை மட்டும் சொல்லும் ஆறுதல், அநீதி செய்தவரை விடுவித்துவிடுகிறது.

எடித் இறைத்திட்டம் என்று வாளாவிருக்கவில்லை. பிரஷ்யக் கல்வி அமைச்சுக்கு முறையீடு எழுதினார். பெண் என்பது அவ்வுரிமைக்குத் தடையாகாது என 1920 பிப்ரவரியில் ஆணை பிறந்தது. ஆயினும் அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி கிட்டவே இல்லை. 1931இல் மீண்டும் முயன்றும் பயனில்லை. பின்வந்த பெண்கள் அந்த ஆணையைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்றனர்.

கற்றும் தகுதியிருந்தும் சாதியாலோ, பரிந்துரையின்மையாலோ பணி மறுக்கப்பட்டோர் ஆறுதல் தேடி என்னிடம் வருவதுண்டு. அவர்களோடு செபிக்கிறேன். செபம் முடிந்ததும், முறையீடு எழுதியாயிற்றா என்று கேட்கிறேன்.